மூன்றாவது ஸ்டேஷனுக்கு வண்டி வரவில்லை

இன்றைக்கு நான் யாரைப் பார்த்தேன் என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டீர்கள். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஓடும் தொழிற்சாலையில், அவை வந்து இறங்கிய முதல் நாளிலிருந்து அவற்றோடு வேலை பார்த்த ஒரு அக்காவை! பார்த்தது வீடியோவில் இல்லை. பேருந்து நிலையத்துக்கு வெளியே, கட்டணக் கழிப்பறைச் சுவருக்கும் பூட்டிக் கிடக்கும் டிக்கெட் கவுன்டருக்கும் நடுவில். அங்கே உட்கார்ந்து பயணப் பெட்டிகளுக்குச் சக்கரம் மாற்றிக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கண் இன்னும் கலங்கித்தான் இருக்கிறது.

நான் கிளம்பியது தானியங்கி வண்டிகளின் கண்காட்சிக்கு. ஒரு மாதமாக இங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோமே, அதற்குத்தான். பேருந்திலிருந்து இறங்கும்போதே பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சாக்கடைக்குள் உருண்டு போய்விட்டது. பேப்பர் விற்பவர் சிரித்துக்கொண்டே கை காட்டினார். "அங்க சக்கரக்கா இருப்பாங்க. போங்க. ஆனா வாயைக் கொடுக்காதீங்க."

போனால், சுவரை ஒட்டிப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆட்கள் இல்லை, பெட்டிகள்தான் வரிசை. அவற்றின் சொந்தக்காரர்கள் நிழல் கிடைத்த இடத்தில் நிற்கிறார்கள். ஒரு தார்ப்பாய், அதன் மேல் பிஸ்கட் டின் நிறையப் பழைய சக்கரங்கள், ஒரு மரக்கட்டை, சுத்தியல், கை டிரில். அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கலாம். வலது மணிக்கட்டில் பழுப்பு நிறப் பட்டை சுற்றியிருந்தது. ஆனால் இடது கை போகிற வேகம்! திருகாணி இருக்கிற இடத்தைக் கண் பார்க்கும் முன்பே ஸ்குரூ டிரைவர் அங்கே நிற்கிறது.

சட்டையை உள்ளே விட்டிருந்த ஒருவர் பெட்டியை வரிசைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். "ஒரே ஒரு ஸ்குரூதான்க்கா. உடனே முடிஞ்சிடும். எனக்கு பஸ்ஸு வேற."

"பெட்டிக்குப் பின்னாடி பெட்டி," என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

"சின்ன வேலைதானேக்கா."

"சின்ன வேலை, பெரிய வேலையெல்லாம் இங்க இல்ல. பின்னாடி வையுங்க. இல்ல, உங்க பெட்டி வாயைத் திறந்து கேக்கட்டும், பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முனகிக்கொண்டே பெட்டியைப் பின்னால் உருட்டிப் போனார். என் பெட்டிக்கு முன்னால் இன்னும் நிறையப் பெட்டிகள் நின்றன. நான் நல்ல பெண்ணாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து, "மெதுவா செய்யுங்கக்கா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

சுத்தியல் பாதியில் நின்றது. அப்போதுதான் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அவசரமா இல்லையான்னு நீ எப்படிம்மா முடிவு பண்ணின?"

எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. மரியாதைக்குச் சொன்னது அப்படித் திரும்பி வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். எங்கே போகிறாய் என்று கேட்டார். கேட்டால் போதாதா எனக்கு! வண்டிகளைப் பற்றி மூச்சு விடாமல் கொட்டினேன். தரையில் ஒட்டிய காந்தப் பட்டை மேலேயே எப்படிப் போகும், எந்த வேலை எந்த இயந்திரத்துக்கு, எந்த வண்டி எதைத் தூக்கவேண்டும் என்று புரோகிராமே எப்படி முடிவு செய்யும், எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று எவ்வளவு அழகாக ஒதுங்கி வழிவிடும்...

"எங்க விடும்?" என்றார். "ரெண்டும் நிக்கும். வாசல்ல சம்பந்திங்க நிப்பாங்கல்ல, நீங்க முதல்ல, இல்லல்ல நீங்க முதல்லன்னு? அந்த மாதிரி. பின்னாடி வர்றது எல்லாம் அப்படியே நிக்கும். அப்புறம் மேலேர்ந்து ஒரு ஆளு இறங்கி வந்து ஒண்ணைக் காதைப் புடிச்சு இழுத்து விடணும்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான் அதுங்களுக்குச் சோறு போட்டவ."

கண்காட்சி போனால் போகட்டும் என்று அந்தப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெட்டி முடிந்து அடுத்த பெட்டி வரும் இடைவெளிகளில் அவர் சொன்னதை என்னால் முடிந்த அளவு ஒழுங்காகச் சொல்கிறேன்.

அது தண்ணீர் மோட்டார்களுக்கான இரும்பு உடம்பு செய்யும் தொழிற்சாலை. பல அளவு, பல வகை. ஒரே மாதிரி சரக்கை நாள் முழுக்க ஓட்டுவது அங்கே கிடையாது. எந்த வகை எப்போது வந்தாலும் எந்த இயந்திரம் காலியோ அங்கே போய்த் துளை போட்டுக்கொண்டு வரும். இயந்திரங்கள் நடுவில். ஓரத்தில் ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு ஆள். வார்ப்பிலிருந்து வந்த இரும்பைத் தூக்கி, பலகையில் சரியாக உட்காரவைத்து, நான்கு மூலையிலும் கிளாம்ப் போட்டு முறுக்கி, பச்சைப் பொத்தானை அமுக்கவேண்டும். வண்டி எடுத்துக்கொண்டு போகும். அடுத்த வண்டி காலிப் பலகையோடு வந்து நிற்கும். அக்கா மூன்றாவது ஸ்டேஷன்.

வண்டிகளுக்கு இவர்கள் வைத்திருந்த பெயர்களைக் கேளுங்கள். யாராவது பக்கத்தில் காலை அசைத்தாலே நின்று கூச்சல் போடும் வண்டி 'மாமியார்'. வந்து நின்றபின் பொத்தானை அமுக்கினாலும் நகராமல், பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டு தட்டினால்தான் கிளம்பும் வண்டி 'புதுமாப்பிள்ளை'. இந்த அக்காவுக்கும் ஒரு பெயர் இருந்தது. 'மின்னல்'. பலகை வந்து நிற்பது தெரியும், போவது தெரியும், நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது என்பார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சின்னத் திமிர் வந்து போனது. அழகாக இருந்தது.

அவருடைய கணவருக்கும் அங்கேதான் வேலை. ஆனால் மாடியில், கண்ணாடி அறையில். கீழே எது எப்போது ஓடவேண்டும் என்று புரோகிராம் போடும் அட்டவணையைக் கவனிப்பது, சிக்கினால் சரிசெய்வது, சம்பந்திகளைப் பிரித்து விடுவது எல்லாம் அவர். கன்ட்ரோலர் என்று கூப்பிடுவார்கள். இருவருக்கும் கல்யாணமானதே கேன்டீன் வரிசையால்தானாம். அவர் நடுவில் வந்து புகுந்தாராம். "பின்னாடி போங்க" என்று இவர் சொன்னாராம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கடைசியில் போய் நின்றாராம்.

"அதான் புடிச்சுது. எனக்குன்னு ஒரு வரிசை இருந்தா அதை மதிப்பாருன்னு நெனச்சேன்," என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சக்கரத்தின் அச்சைத் தேவைக்கு மேலேயே ஒரு அடி அடித்தார்.

மணிக்கட்டு வலி எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியவில்லை. முறுக்கி முறுக்கி உள்ளே ஏதோ நரம்பு வீங்கிவிட்டது. காலையில் விரல் மடங்காது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கையில் கோளாறு என்று மருத்துவ அறைக்குப் போனால், மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த மாதம் ஸ்டேஷனில் வேறு ஆள் நிற்கும். அதனால் யாரும் போவதில்லை. அக்காவும் போகவில்லை. கையுறைக்குள் துணிப்பட்டை சுற்றிக்கொண்டார். இடது கையால் முறுக்கப் பழகினார். கொஞ்ச நாளில் இடது கை வலது கையை முந்திவிட்டது. வேகம் குறையவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த இடது கையை நான் இன்று பார்த்தேன்.

அந்த ஸ்டேஷனை விட்டுவிடக் கூடாது. அவருக்கு அப்போது வேறு எண்ணமே கிடையாது. மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் அவரே சொன்னார். "வீட்டுல நான் அம்மா, பொண்டாட்டி. வெளிய இன்னாரு வீட்டுக்காரி. அங்க மட்டும்தான்ம்மா நான் மின்னலு."

கணவருக்கு எப்படித் தெரிந்தது? ஊறுகாய் பாட்டில் மூடியை ஒரு நாள் திறக்க முடியாமல், அக்கா பேச்சுவாக்கில் மகளிடம் நீட்டினாராம். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் மூன்றாவது ஸ்டேஷனுக்கு வண்டி தாமதமாக வர ஆரம்பித்தது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. அக்கா பலகையை அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். வண்டி வராது. எட்டிப் பார்த்தால் சார்ஜ் போடும் இடத்தருகே மாமியார் சும்மா நின்றுகொண்டிருக்கும். வேலை இல்லாமல் நிற்பது அக்காவுக்கு ஆகாது. அடுத்த ஸ்டேஷனில் ஒல்லியாக ஒரு ஆள். 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர். ஆள் தங்கம், ஆனால் கை மந்தம். அவன் திணறுவதைப் பார்த்து இவர் போய் இரண்டு கிளாம்ப் முறுக்கிக் கொடுப்பார். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. தன் வண்டி வராத நேரமெல்லாம் அவன் பலகையில் இவர் கை.

"அக்கா, உங்க வண்டி வரலைன்னா எனக்குக் கொண்டாட்டம்" என்பானாம் அவன்.

"உன் மூஞ்சி. உன் பலகையைப் பாத்தா எனக்குக் கை நமநமங்குது. தள்ளு."

வீட்டில் கணவரிடம் கேட்டார். "ஏங்க, என் பக்கம் மட்டும் வண்டி என்ன ஆடி அசைஞ்சு வருது?"

"பேட்டரி," என்றார் அவர். "பழசாயிடுச்சு. ஏறவே மாட்டேங்குது."

"எல்லாருக்கும் ஒரே வண்டிதானேங்க ஓடுது?"

"பேட்டரின்னு சொல்றேன்ல."

சரி, பேட்டரி என்று அக்கா விட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். புரோகிராமில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு இடைவெளி குறிக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழகும்வரை திணறக் கூடாது என்பதற்காக அவர்கள் ஸ்டேஷனுக்கு மட்டும் வண்டியை நிதானமாக அனுப்பும் ஏற்பாடு அது. 'புது ஆள் இடைவெளி' என்பார்கள். கன்ட்ரோலர் மாடியில் உட்கார்ந்து தன் மனைவியை, அந்த மின்னலை, புது ஆளாக மாற்றிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. திரையில் வண்டிகள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். பலகைகள் தெரியும். மனிதர்கள் தெரிய மாட்டார்கள். மூன்றாவது ஸ்டேஷன் காலியாக இருப்பதாகத் திரை காட்டும்போதெல்லாம், அவள் உட்கார்ந்து கையை நீவிவிட்டுக்கொண்டிருப்பாள் என்று அவர் நிம்மதியாக நினைத்துக்கொண்டார். கண்ணாடி வழியாகக் குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். இயந்திரங்களின் மறைவு, அங்கிருந்து தெரியாது என்பது அவர் வாதம். "படி இறங்கி வரக் கால் இல்லையா?" என்பது அக்காவின் கேள்வி.

அந்தக் கை ஒரு நாள்கூட ஓய்வெடுக்கவில்லை. அது முறுக்கியதெல்லாம் அடுத்த ஸ்டேஷன் எண்ணிக்கையில் ஏறியது. அவ்வளவுதான்.

அப்புறம் புதுப் புரோகிராம் வந்தது. நாம் இங்கே வாயைப் பிளந்துகொண்டு பேசுவோமே, அந்த மாதிரி. பழைய ஓட்டத்தையெல்லாம் தின்று செரித்து, எந்த ஸ்டேஷன் வேண்டும், எது வேண்டாம், வண்டிகள் எந்த வழியில் போனால் வீண் அலைச்சல் இல்லை என்று தானே சொல்லும். அதைக் கொண்டுவந்த பையன் நல்ல பையன்தானாம். எல்லோருக்கும் வணக்கம் சொன்னானாம். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் நிறுத்தி, சுவரில் படம் காட்டினான். ஸ்டேஷனுக்கு ஒரு பட்டை, எத்தனை பலகை முடித்ததோ அத்தனை உயரம். மூன்றாவது பட்டை தரையோடு தரையாகக் கிடந்தது. நான்காவது, ஒட்டடைக்குச்சியுடையது, கூரையைத் தொட்டது.

"மூணாவதை எடுத்துட்டா வண்டிங்களோட சுத்து குறையும் சார்" என்றான் மேலாளரிடம். "அங்க வேலையே நடக்கலை."

அக்கா சிரித்துவிட்டார். நிஜமாகவே சிரிப்பு வந்ததாம். "தம்பி, வேலை நடக்கலையா? வண்டி வரலைப்பா. நான் நின்னுக்கிட்டுதான் இருந்தேன்."

"வண்டி ஏன் வரலை?" என்றார் மேலாளர்.

அக்கா திரும்பி மாடிப்படிக்குக் கீழே நின்ற கணவரைக் காட்டினார். ஒரு சந்தேகமும் இல்லாமல் காட்டினார். "அவருக்குத் தெரியும் சார். சொல்லுங்க."

கன்ட்ரோலர் சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "சிஸ்டம் அப்படித்தான் அனுப்பிச்சு," என்றார்.

வீட்டில் இத்தனை நாள் பேட்டரி. இங்கே சிஸ்டம். அந்த ஒரு நொடியில் அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஊறுகாய் பாட்டில் முதற்கொண்டு.

ஒட்டடைக்குச்சி அங்கேதான் நின்றான். கூரையைத் தொட்ட பட்டையில் பாதி யாருடைய கை என்று அவனுக்குத் தெரியாதா? அவனும் தரையைப் பார்த்தான். அந்தத் தரையில் அன்றைக்கு அப்படி என்னதான் இருந்ததோ.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அக்கா இரண்டு குரலிலும் நடித்தே காட்டினார். கையில் ஒரு பெட்டியின் கைப்பிடி. பக்கத்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"பேட்டரின்னு சொன்னீங்க. இன்னைக்கு சிஸ்டம்ங்கிறீங்க. எது?"

"உன் கைக்காகத்தான் செஞ்சேன்."

"என்ன செஞ்சீங்க?"

"புது ஆள் இடைவெளி போட்டேன். கொஞ்சம் மூச்சு விடட்டும்னு."

"எனக்கு? புது ஆளா?"

"வலிக்குதுன்னு நீதான் சொல்லவே மாட்டியே!"

"கேட்டீங்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கை எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

"சரி, தப்புதான். ஆனா அங்க எப்படிச் சொல்றது? நான்தான் மாத்தினேன்னா ஏன் மாத்தினேன்னு கேப்பாங்க. உன் கையைச் சொல்லணும். அப்புறம் நீயும் வெளிய, நானும் வெளிய. ரெண்டு பேரும் வெளிய நின்னா பொண்ணு படிப்பு?"

அக்கா கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டவர். அன்றைக்கு முதல்முறையாக, "நின்னிருக்கலாமே," என்றாராம். "நீ என்கூட வெளிய நின்னிருக்கலாமே."

மகள் அறைக்குள்ளிருந்து வந்தாள். "அப்பா உனக்காகத்தானேம்மா செஞ்சாரு. எவ்ளோ பாசம் இருந்தா..."

"அவ சொன்னா, என் அம்மா சொன்னாங்க, எதிர் வீட்டுக்காரி சொன்னா," என்றார் அக்கா. "கேக்குற அத்தனை பேரும் இதையேதான் சொல்றாங்க. ஐயோ, எவ்ளோ பாசம்! எவன் எவனோ எந்த வண்டி எப்ப வரணும்னு முடிவு பண்ணான், அது பரவாயில்ல. இவரும் அதையேதான் பண்ணாரு. இவரு பண்ணா மட்டும் பாசம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் நாக்கிலும் அதே வார்த்தைதான் நின்றுகொண்டிருந்தது. விழுங்கிவிட்டேன்.

மூன்றாவது ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது மஞ்சள் கோடு போட்டு வண்டிகள் திரும்பும் வளைவு வைத்திருக்கிறார்கள். வேறு இடம் தருவதாகச் சொல்லி இழுத்தடித்தார்கள். கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். அக்கா ஒரு வாரம் செய்தார். தான் நின்ற இடத்தையே பெருக்கும்போது மாமியார் வந்து, வழியில் ஆள் நிற்கிறது என்று அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. துடைப்பத்தை அதன் தலையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். ஒரு சுற்று முழுக்க அந்தத் துடைப்பத்தைச் சுமந்துகொண்டு போனதாம் அது. சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அக்கா வேலையை விட்டு வந்தபின் ஒட்டடைக்குச்சியின் பட்டை மளமளவென்று சரிந்தது. சரியாமல் என்ன செய்யும்? இப்போது அவன் தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கிறான். ஒரு நாள் பெட்டியோடு இங்கே வந்தானாம். மன்னிப்புக் கேட்க வந்தானா, சக்கரம் மாற்ற வந்தானா என்று அக்காவுக்குத் தெரியாது. "வரிசைல வைடா" என்றாராம். வைத்தான். முறை வந்ததும் மாற்றிக் கொடுத்தார். போய்விட்டான்.

கன்ட்ரோலர் மட்டும் இன்னும் அதே கண்ணாடி அறையில்தான். ஒரு ஸ்டேஷனை எடுத்ததும் வண்டிகளின் வீண் சுற்று குறைந்தது என்று அவருக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது. ஒரு கடிகாரம் கொடுத்தார்களாம். வீட்டில் மாட்டவில்லை. பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும் என்றார் அக்கா.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஷிப்ட் முடிந்து அவர் வந்தார். ஒல்லியும் இல்லை குண்டும் இல்லை, கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடிக்க முடியாத ஒரு ஆள். கையில் பிளாஸ்க். அக்காவுக்கு மூடியில் ஊற்றி வைத்தார். அக்கா எடுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்தார். ஒரே ஒரு ஸ்குரூக்காரர் கடைசியில் நின்று இன்னும் பஸ்ஸு, பஸ்ஸு என்று முனகிக்கொண்டிருந்தார். பார்க்கும்போதே அவர் விரல் தொடையில் ஏதோ கணக்குப் போட்டது. பாவம், தொழில் புத்தி.

"அந்த ஸ்குரூ பெட்டியை முன்னாடி எடுத்துட்டா," என்றார் மெதுவாக, "அவருக்கு பஸ்ஸு கிடைச்சிடும். சின்ன வேலையெல்லாம் முதல்ல முடிச்சா கூட்டம் சீக்கிரம் குறையும். உனக்கும் கைக்கு..."

தானே நிறுத்திக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார், அவரைப் பார்த்து இல்லை. "பாத்தியாம்மா? இங்கயும் வந்தாச்சு." அப்புறம் பொதுவாக, காற்றுக்குச் சொல்வது போல, "இது என் கடை. இங்க எந்தப் பெட்டி எப்ப வரணும்னு நான் சொல்லுவேன். கை வலிச்சா சுத்தியலை நானே வெப்பேன் கீழ."

அவர் தலையாட்டினார். ஸ்குரூ பெட்டிக்காரர் பேருந்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பேருந்தை விட்டுவிட்டார்.

"தினமும் வருவாரா?" என்று நான் கிசுகிசுத்தேன்.

"வருவாரு. உக்காருவாரு. போவாரு."

"நீங்க எப்பக்கா அவரை மன்னிப்பீங்க?"

"மன்னிப்பா?" என் பெட்டியைத் திருப்பி வைத்து, புதுச் சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றினார். அது சத்தமே இல்லாமல் ஓடியது. "அவரு போய் அந்த மேலாளர்கிட்ட, நான்தான் மாத்தினேன், அவ கை நிக்கவே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். வேலை திரும்ப வேணாம். அந்தப் பட்டை பொய்யின்னு அங்க ஒரு ஆளு வாயால வரணும். அவ்ளோதான் கேட்டேன். நாளைக்குன்னு சொல்லுவாரு. தினமும் நாளைக்குத்தான்."

முக்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு இது கேட்டது. கேட்காமல் இருக்க முடியாது, ஒரு கை தூரம்தான். அவர் பிளாஸ்க்கை மூடினார். திறந்தார். திரும்ப மூடினார். சுவரோரம் ஒரு பெட்டி சாய்ந்து விழப் பார்த்தது. எழுந்து போய் அதை நிமிர்த்தி, அதே இடத்தில், இம்மியும் முன்னால் போகாமல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நான் கண்காட்சிக்குப் போகவில்லை. இப்போது படங்கள் வரத் தொடங்கியிருக்கும், நீங்கள் எல்லோரும் பகிர்வீர்கள், பார்க்கிறேன். வண்டிகள் எனக்கு இன்னும் பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் திரையில் சின்னக் கட்டங்கள் நகர்வதைப் பார்க்கும்போது இனி நான் காலியாகக் கிடக்கும் ஸ்டேஷனைத்தான் தேடுவேன். அங்கே நின்றவர் பக்கத்தில் யாருக்குக் கிளாம்ப் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று.

உங்கள் ஊர்ப் பக்கம் இல்லையா, பரவாயில்லை, இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டால் போதும், அந்த மேலாளர்வரை போய்ச் சேரட்டும். அந்தப் பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்கள், சக்கரம் நன்றாக இருந்தாலும் ஒரு எண்ணெய் போடவாவது பெட்டியைக் கொண்டுபோங்கள். வரிசையில் வையுங்கள். 'மெதுவா செய்யுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சுவரோரம் முக்காலியில் பிளாஸ்க்கோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் காதில் விழுகிற மாதிரி, மேலாளரிடம் சொல்லியாயிற்றா என்று கேளுங்கள். தினமும் யாராவது ஒருவர் கேளுங்கள்.